எலுமிச்சை மாஸ்டரும் இலைக்குள் இருந்த பெரிய மாஸ்டரும்

தென் மாவட்டங்களில் காலையில் நைட்டியோடு வாசல் தெளிக்கிற பெண்களில் பாதிப்பேர், கழுத்தோரத்தில் ஒரு புழு நடந்த பாதையைச் சுமந்துகொண்டுதான் தெளிக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே அந்த நைட்டியை அடுப்படிக் கரித்துணி ஆக்கிவிடுவார்கள் என்பதால் நானும் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாதையைத் துணிக்குக் கொண்டுவந்தவர் எலுமிச்சை மாஸ்டர். அவரிடம் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"நான் எங்க போட்டேன் தாயி? பெரிய மாஸ்டர் போட்டாரு. நான் அவருக்கு ஹெல்பர்" என்பார்.

பெரிய மாஸ்டர் என்றால் அந்தப் புழு. அளவு, ஒரு சீரகத்தில் பாதி.

அப்போது நான் கோவில்பட்டியிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தைத்து வருகிற நைட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிசிறு நூலை வெட்டி, தையல் விட்டிருந்தால் டேமேஜ் குவியலில் எறிய வேண்டும். யாரோ ஒரு மருமகளுக்கு மாமியாராகப் போகவேண்டியவள் வழிதவறி இங்கே வந்துவிட்டாள் என்று மிஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். என் காதில் விழும்படியாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். வழியில் ஏறினார். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எலுமிச்சைக் கொப்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் குமட்டல் வருகிற ஆள் போலிருக்கிறது என்று நான் நல்லெண்ணத்தோடு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தேன். உட்கார்ந்ததும் கொப்பிலிருந்த ஓர் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து, "ஒட்டப்பிடாரம் வாரதுக்குள்ள திரும்பிருவாரு" என்றார்.

"யாரு?" என்றேன்.

"பெரியவரு. நடு நரம்பு வரைக்கும் வந்துட்டாரு. தாண்ட மாட்டாரு. பாத்துக்கிட்டே இருங்க."

வீட்டு மரத்தில் ஆடு கடித்துப் போட்ட கொப்பாம். உள்ளே ஆள் இருக்கும்போது அனாதையாக விட்டுவிட்டு வர மனம் வரவில்லையாம். பின்சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த இருவர் குனிந்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தவர், பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். ஒட்டப்பிடாரம் வந்தபோது புழு திரும்பியிருந்ததா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. "திரும்பிட்டாரு" என்று கண்டக்டர்தான் அறிவித்தார். அறிவித்த பிறகுதான் விசிலே அடித்தார்.

எலுமிச்சை வைத்திருக்கிற வீடுகளில் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். தளிர் இலையில் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடும். நத்தை ஊர்ந்தது என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தால் போகாது. கோடு இலையின் மேலே இல்லை, தோலுக்கு உள்ளே இருக்கிறது. எள்ளளவு வெள்ளிப் பூச்சி ஒன்று பொழுது சாய்கிற நேரத்தில் வந்து தளிரில் முட்டை வைத்துவிட்டுப் போகும். இறக்கை நுனியில் ஆளுக்கொரு கறுப்புப் பொட்டு. முட்டையிலிருந்து வருகிற புழு நேராக இலைத் தோலுக்கு அடியில் நுழைந்து, சாற்றைக் குடித்துக்கொண்டே நடக்கும். நடந்த வழியெல்லாம் வெள்ளி. அந்த வெள்ளிக்கு நடுவே மெல்லியதாக ஒரு கறுத்த இழை தொடர்ந்து வரும். அது புழுவின் கழிவு. மாஸ்டர் அதை நாகரிகமாக "நடு இழை" என்பார். எம்பிராய்டரியில் அதற்கும் தனியாக ஒரு நூல் போட்டாக வேண்டும். ஆமாம், உங்கள் நைட்டியில் வெள்ளைக் கோட்டுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஓடுகிறதே, அதுதான்.

இந்தப் பூச்சிகளுக்கு உலகம் பூராவும் சொந்தபந்தம் உண்டு. பில்லாக்னிஸ்டிஸ் என்று வம்சத்துக்குப் பெயர். ஒரு வேளாண்மை அதிகாரியைப் பிடித்து மாஸ்டர் கேட்டு வைத்திருந்தார். தன் பிரஷர் மாத்திரையின் பெயரை ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இதை மட்டும் குலசாமி பெயரைப்போலத் தடங்கல் இல்லாமல் சொல்வார். "இவரு எலுமிச்சைக்காரரு. பங்காளிமாரு வேற வேற செடியில இருக்காவ. ஒருத்தரு எலையில ஒருத்தரு கை வைக்க மாட்டாவ. நம்மள மாதிரி வரப்புச் சண்டையெல்லாம் கெடையாது" என்று பெருமையாகச் சொல்வார்.

கம்பெனி முற்றத்தில், போர் குழாய் பக்கத்தில், ஓர் எலுமிச்சை மரம் நின்றது. அங்கே எம்பிராய்டரி டிசைன் வரைகிற மாஸ்டருக்கு அதுதான் ஆபீஸ். அங்கன எச்சில் துப்பக் கூடாது. சாயங்காலம் ட்யூப்லைட் போடக் கூடாது, பூச்சிக்குக் கண் கூசுமாம். காய் பறித்துக்கொள்ளலாம், தளிரைத் தொடக் கூடாது. கோடை முற்றி, கரிசல் வெடித்துக் கிடந்து, ஊரே குடிதண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற நாட்களிலும் அவர் கைகால் கழுவுகிற தண்ணீரை வாளியில் பிடித்து மரத்துக்கு ஊற்றுவார். மரம் பிழைக்க வேண்டும் என்றால் நமக்குப் புரியும். அவர் ஊற்றியது தளிர் விட வேண்டும் என்பதற்காக. தளிர் விட்டால்தான் பெரியவருக்குச் சாப்பாடு.

புதிதாக எம்பிராய்டரி மிஷினுக்கு யார் வேலை கேட்டு வந்தாலும் அவர்தான் சோதிப்பார். தைக்கச் சொல்ல மாட்டார். ஓர் இலையைக் கையில் கொடுத்து, "இவரு எங்கன கெளம்புனாரு, எங்கன போய்ச் சேந்தாரு? வெரல் வச்சுக் காட்டுங்க" என்பார். அகலமான முனையில் ஆரம்பித்தவர்களுக்கு வேலை இல்லை. "பொறந்தப்ப ஒல்லியா இருந்தாரு. தின்னுத் தின்னுத் தடிச்சாரு. கோடும் அப்பிடித்தான் வரணும்" என்பார். அந்த மிஷினில் முழங்காலால் ஒரு கம்பியைத் தள்ளத் தள்ளத் தையல் அகலமாகும். அவரிடம் தேறிய பெண்களின் முழங்காலுக்கு அப்படி ஒரு நிதானம் இருந்தது. மற்றக் கம்பெனிக்காரர்கள் எங்கள் டிசைனைக் காப்பியடித்தால் கோடு முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடிமனாக, கொடிக்கயிறு மாதிரி வரும். எங்கள் நைட்டியில் அது வளரும். நான் செக்கிங் மேஜையில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவள். அந்தக் கோட்டைப் பார்த்தால் மட்டும் குறை தேடவே தோன்றாது.

முதலாளி அண்ணாச்சி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், ஒரு கோடு போல இன்னொரு கோடு இருக்காது என்பதுதான். மழை பெய்தால் தளிர், தளிர் வந்தால் டிசைன். ஆனால் அவருக்கும் பொறுமைக்கு எல்லை உண்டு. தீபாவளிச் சரக்கு அடுக்க முற்றத்தில் தகர ஷெட் போடவேண்டும் என்று அந்த வருடம் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் நின்றது மரம்.

இந்த நேரம் பார்த்து முதலாளியின் மச்சான் விளாத்திகுளத்திலிருந்து வந்தார். அவருக்கு அங்கே உரக்கடை. மரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மரத்துக்குச் சீக்கு அத்தான். எல பூராம் சுருண்டு போச்சு. நாளைக்கு நானே மருந்தடிச்சு விடுதேன்" என்றார். உதவி செய்கிற ஆள்தான். ஆனால் யாரும் கேட்காமலே செய்வார்.

மறுநாள் அவர் முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது, மரம் நைட்டி போட்டுக்கொண்டு நின்றது. வெட்டுத்துணியில் கிடந்த நைட்டிக் கைகளை எல்லாம் எடுத்து மாஸ்டர் ஒவ்வொரு தளிருக்கும் மாட்டி, வாய்ப்பக்கம் நூலால் கட்டியிருந்தார். பச்சை, ரோஸ், பூப்போட்டது, புள்ளி வைத்தது. அடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவரும் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வே இது?" என்றார் மச்சான்.

"உள்ள ஆள் இருக்காவ" என்றார் மாஸ்டர்.

"மருந்தடிக்கலன்னா மரம் செத்துப்போகும் வே."

"இத்தன வருசமா திங்காவ. மரம் காய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க நேத்துக் குடிச்சது இந்த மரத்துச் சர்பத்துதான்."

மிஷின் சத்தம் முழுக்க நின்றுவிட்டது. ஜன்னலில் முப்பது தலை. மச்சான் டப்பாவைக் கழற்றாமலே உள்ளே போனார். அரைமணி நேரம் கழித்து முதலாளி வெளியே வந்து, "தீவாளி லோடு ஏறுனதும் மரத்த வெட்டி ஷெட்டப் போட்டுருவோம்" என்றார். மாஸ்டரைப் பார்க்காமல், போர் குழாயைப் பார்த்துச் சொன்னார்.

மாஸ்டர் எழுந்து நின்றார். அவர் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அண்ணாச்சி, கடைசியா ஒரு லாட் மட்டும் இந்த மரத்துலருந்து எடுத்துக் குடுக்கேன். கடைக்காரவிய திரும்பக் கேட்டா மரத்த விட்டுருங்க. கேக்கலன்னா நானே அருவாள எடுக்கேன்."

முதலாளி ஈரோட்டுக்குத் துணி எடுக்கப் போகிற அவசரத்தில் இருந்தார். "சரி, பாப்போம்" என்று காரில் ஏறினார்.

அன்றிலிருந்து மாஸ்டருக்கு வீடு வாசல் கிடையாது. மரத்திலேயே ஓர் இலையைத் தேர்ந்தெடுத்தார். பறிக்கவில்லை. உள்ளே பெரியவர் அப்போதுதான் கிளம்பியிருந்தார். காலையும் மாலையும் எண்ணெய்த்தாளை இலைமேல் வைத்து அவர் போன வரைக்கும் வரைந்துகொண்டு, அதை நைட்டி அளவுத் தாளில் பெரிதாக்குவார். நானும் போய்ப் பார்ப்பேன். அப்படி ஒரு கோட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. வலது தோளில் பொடியாக ஆரம்பித்து, கழுத்தைச் சுற்றி வந்து, நெஞ்சில் ஒரு சுழி போட்டு, இடது பக்கமாக இறங்கியது. இடுப்புக்கிட்டே திரும்பி மேலே ஏறினால் டிசைன் முடிந்தது.

இடுப்புக்கிட்டே கோடு நின்றுவிட்டது.

முதல் நாள், தூங்குகிறார் என்றார் மாஸ்டர். மறுநாள் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துவிட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். கண்ணுக்கே தெரியாத குளவி ஒன்று உண்டாம். இலைக்கு மேலேயே உட்கார்ந்து உள்ளே இருக்கிறவரைக் குத்திவிடுமாம். அதன் பிள்ளைக்கும் சாப்பாடு வேண்டுமே.

"இன்னும் ரெண்டு வெரக்கடதான மாஸ்டர். நீங்களே வரைஞ்சு முடிச்சிருங்க" என்றேன்.

"அவரு எந்தப் பக்கம் திரும்பியிருப்பாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும் தாயி?"

"எந்தப் பக்கம் திரும்பினா என்ன? மரம் போயிருமே."

அவர் மரத்தைப் பார்த்தார். நைட்டிக் கைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. "நான் வரைஞ்சா அது என் கோடு. என் கோட்டப் பாக்கணும்னா மொதலாளி பழைய மாம்பிஞ்சு டிசைனை எடுத்துப் பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு, தாளில் ஊசியால் துளை போட உட்கார்ந்தார். அந்தத் தாளைத் துணிமேல் வைத்து நீலம் தடவினால் புள்ளி புள்ளியாகக் கோடு விழும். குறைக் கோடுதான் விழுந்தது. எம்பிராய்டரிப் பெண்கள் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாஸ்டர் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும், இது ஏதோ புது மாடல் என்று லாட் முழுவதையும் தைத்துத் தள்ளிவிட்டார்கள். என் மேஜைக்கு வந்ததை எல்லாம் நான் டேமேஜ் குவியலில் எறிவேன். அவர் வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மடித்து, நல்ல குவியலில் வைப்பார். ஒருவரோடு ஒருவர் பேசாமலே நாள் முழுவதும் இந்த வேலையைச் செய்தோம்.

முதலாளி ஈரோட்டிலிருந்து வந்தார். ஒரு நைட்டியை விரித்தார். இன்னொன்றை விரித்தார். குவியலைக் கலைத்து அடியிலிருந்து ஒன்றை உருவினார்.

"வே மாஸ்டர், மீதிக் கோடு எங்க?"

"அவரு எறந்துட்டாரு அண்ணாச்சி."

முதலாளி முகம் மாறிவிட்டது. தோள் துண்டைக் கையில் எடுத்தார். "அடடே, எப்பம்? எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? எடுத்தாச்சா?"

"இல்ல. எலையிலதான் இருக்காரு."

துண்டு மெதுவாகத் தோளுக்குத் திரும்பியது. "பூச்சியா?" என்றார். மாஸ்டர் தலையாட்டினார். "தீவாளி லாட்டப் பாதியில நிப்பாட்டிட்டு எனக்குப் பூச்சி எழவு சொல்லுதீரு. காலையில மரம் வெட்ட ஆள் வருது. நீரு அருவா எடுக்க வேண்டாம், தள்ளி நின்னாப் போதும்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று சட்டைப்பையைத் தடவினார். அதில் இலைதான் இருந்தது. 

அப்போதுதான் மூலை மிஷினிலிருந்து பேச்சியம்மாக்கா பேசினாள். கம்பெனியிலேயே மூத்த தையல்காரி. பேசும்போதுகூடத் தலையைத் தூக்க மாட்டாள், மிஷினும் நிற்காது. "மாஸ்டர், உங்க பெரியவரு உசுரோட இருந்தா கடைசியில என்ன செய்வாரு?"

"நடந்து முடிச்சதும் எலையோரத்த மடிச்சு, அதுக்குள்ள படுத்துக்கிடுவாரு. பொறவு பூச்சியா வெளிய வருவாரு."

"அப்பம் கோடு நிக்கிற எடத்துல துணிய மடிச்சு ஒரு பை வச்சிருவோம். செல்போன வைக்க எடமில்லாம நாங்க படுத பாடு எந்த ஆம்பளைக்குத் தெரியுது? இடுப்புல சொருகுனா குளத்துல விழுது, நெஞ்சுல சொருகுனா சூடேறுது."

மாஸ்டர் யோசித்தார். நியாயமாக யோசித்தார், அதுதான் எனக்கு ஆத்திரம். "அவருதான் எறந்துட்டாரே. எறந்தவருக்கு எதுக்கு வீடு?"

பேச்சியம்மாக்கா மிஷினை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். "செத்தா மட்டும் படுக்க ஒரு எடம் வேண்டாமா மாஸ்டர்?"

 மாஸ்டர் முற்றத்துக்குப் போய், மரத்தில் கட்டியிருந்த ஒரு ரோஸ் கையை அவிழ்த்துக்கொண்டு வந்து கத்தரிக்கோலை எடுத்தார். ஓரத்தை இலை மடிகிற மாதிரியே ஒரு சுருட்டுச் சுருட்டி, கோடு நின்ற இடத்தில் பையை வைத்து அவரே தைத்தார். கோடு வளைந்து வளைந்து வந்து பைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. முதலாளி வாங்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார், எலுமிச்சை வாசம் அடித்தது. தன் போனைப் பைக்குள் போட்டு, நைட்டியைச் சட்டைக்கு மேலே வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்து பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. போனஸ் இன்னும் கொடுக்கவில்லை. நடக்கும்போதே போன் அடித்தது. எடுத்து, "ஏலே, மரம் வெட்ட இப்பம் வரண்டாம். பொறவு சொல்லுதேன்" என்றார்.

பை வைத்த நைட்டி அந்தத் தீபாவளிக்கு ஓடிய ஓட்டத்தைப் புதியம்புத்தூரில் இன்றும் சொல்வார்கள். விளாத்திகுளத்து ஜவுளிக்கடைக்காரர் இன்னும் சரக்கு கேட்டுப் போனில் கத்தியது மிஷின் சத்தத்தையும் மீறி எங்களுக்குக் கேட்டது. ஒருவர்கூடக் கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை, எல்லோரும் பையைத்தான் கேட்டார்கள். மாஸ்டருக்கு அதில் துளி வருத்தமில்லை. "அவரு படுத்த எடத்தத்தான கேக்காவ. கேக்கட்டும்" என்றார்.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், ஷெட்டையும் விடவில்லை. மரத்தைச் சுற்றியே ஷெட் போட்டு, தகரத்தில் வட்டமாக ஓட்டை வெட்டி, மரத்தின் தலையை வெளியே விட்டுவிட்டார். மழை வந்தால் நடு ஷெட்டில் அருவி கொட்டும், சரக்கை எல்லாம் சுவரோரம் தள்ளவேண்டும். "எந்தக் கூறுகெட்ட பய இப்பிடிக் கட்டுவான்?" என்று திட்டுவார். வெளியூர் வியாபாரி வந்தால் முதலில் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவதும் அந்த ஓட்டையைத்தான்.

நான் வேலையை விட்டு நின்ற அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்தார்கள். மாஸ்டர் மட்டும் அந்த மரத்தில் பதியன் போட்ட ஒரு கன்றைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். வீட்டில் இப்போது மொட்டைமாடித் தொட்டியில் இடுப்புயரம் நிற்கிறது. வெகுநாள் இலை சுத்தமாகவே இருந்தது. அவருக்கு என் வீடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு குறை.

போன வாரம் மழை பெய்து தளிர் விட்டது. என் வீட்டுக்காரர் கையில் மருந்து பாட்டிலோடு மாடிக்கு வந்தார். "எலையெல்லாம் ஏதோ கோடு கோடா இருக்கு. அடிச்சு விட்டுருதேன்."

நான் ஓடிப்போய்ச் செடிக்கு முன்னால் நின்றுகொண்டேன். ஓர் இலையைப் பறிக்காமல் வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தேன். மயிரிழையாகக் கிளம்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, நடு நரம்பு வரைக்கும் வந்து, தாண்டாமல் திரும்பியிருந்தது. அந்த மனிதர் இத்தனை வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்குத்தான் அது எனக்கே சொந்தமாகக் கிடைத்தது. கையோடு மாஸ்டருக்குப் போன் போட்டேன். நெடுநாளைக்குப் பிறகு பேசுகிறேன். நல்லா இருக்கியா, பிள்ளை என்ன படிக்கிறாள் என்று எதுவும் அவர் கேட்கவில்லை.

"வந்துட்டாரா தாயி?" என்றார்.

"வந்துட்டாரு மாஸ்டர்."

"சாப்பிடுதாரா?"

"நல்லா சாப்பிடுதாரு."

அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, அதக் கீழ வச்சிருங்க" என்றேன். "எங்க மாஸ்டர் உள்ள வேலையா இருக்காரு."